35 லட்சம் வழிகளும் ஒரு கோர்வையும்

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு அட்சரம் கொண்டது; ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை வருகிறது. இந்த 32 மாத்திரையை ஒரு மாத்திரைச் சொல், இரண்டு மாத்திரைச் சொல் என்னும் இரண்டே வகைத் தாளச் சொற்களால், அதாவது வாயால் பேசும் தாள ஒலிகளால், நிரப்புவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியிடம் கேட்டேன். விசையைத் தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது: 35,24,578. அத்தனையும் கணக்குப்படி சரியானவை. அத்தனையும் பிசகாமல் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், வந்து விழுபவை. மூன்று, நான்கு, ஐந்து மாத்திரைச் சொற்களையும் சேர்த்துக்கொண்டால் இந்த எண் இன்னும் பல மடங்கு பெருகும். இவற்றில் என் மிருதங்க ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து கூச்சமில்லாமல் பேசிக் காட்டக்கூடியவை எத்தனை என்று தேடத் தொடங்கியதில் கழிந்த ஏழெட்டு மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒன்பது வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கி, கல்லூரிக் காலத்தில் விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் போய் அதே ஆசிரியரின் முன்னால் உட்கார்ந்தவன். கை பழைய வேகத்துக்கு வரவில்லை. கணக்கு மட்டும் வந்தது. கை வராதவன் கணக்கில் ஒளிந்துகொள்வது மிருதங்க மாணவர்களிடம் பொதுவாகக் காணப்படும் நோய் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாளத்தை எண்ணிக்கையாகப் பார்த்து எல்லா வழிகளையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் வேலை கணினியோடு வந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் இருந்த சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் தாளப் பிரஸ்தாரம் என்று ஒரு பகுதியையே இதற்காக ஒதுக்கியிருக்கிறார். துருதம் ஒன்று, லகு இரண்டு, குரு நான்கு, புலுதம் ஆறு என்று அளவு வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு நீளத்தை இவற்றால் எத்தனை விதமாக நிரப்பலாம் என்று அவர் கேட்கிறார். நான்கு துருத நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு துருதம் ஒரு வழி. இரண்டு துருதத்தோடு ஒரு லகுவை முன்னும் நடுவும் பின்னுமாக வைப்பது மூன்று வழி. இரண்டு லகு ஒரு வழி. ஒற்றைக் குரு ஒரு வழி. ஆக ஆறு. நீளம் ஒன்றிலிருந்து எட்டு வரை போனால் வழிகளின் எண்ணிக்கை 1, 2, 3, 6, 10, 19, 33, 60 என்று வளர்கிறது. ஒவ்வோர் எண்ணும் தனக்கு ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு இடம் முன்னால் உள்ள எண்களின் கூட்டுத்தொகை. கடைசி உறுப்பு எதுவாக இருக்கலாம் என்று யோசித்தால் இந்த விதி தானே புலப்பட்டுவிடும்.

இந்த எண்களைக் காட்டிலும் என்னை வியக்கவைத்தவை நஷ்டம், உத்திஷ்டம் என்னும் இரண்டு முறைகள். பட்டியல் முழுவதையும் எழுதாமலேயே அதன் 47-ஆவது வரிசை எப்படி இருக்கும் என்று கண்டுபிடிப்பது நஷ்டம். கையில் உள்ள ஒரு வரிசை பட்டியலில் எத்தனையாவது என்று சொல்வது உத்திஷ்டம். என் நிரலில் 35 லட்சம் வரிசைகளையும் நினைவகத்தில் சேர்த்து வைக்காமல், வேண்டிய எண்ணுள்ள வரிசையை மட்டும் உருவாக்கும் ஒரு பகுதியை இரண்டு மாலை செலவிட்டு எழுதியிருந்தேன். பிறகுதான் இது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயரிடப்பட்ட வழிமுறை என்று தெரிந்தது. அதற்கும் முன்னால் பிங்கலருடைய சந்த சாத்திரத்திலிருந்து கிளைத்த மரபில், ஒரு மாத்திரை இரண்டு மாத்திரை அசைகளை எண்ணப் புகுந்த விரகாங்கரும், 12-ஆம் நூற்றாண்டின் ஹேமசந்திரரும், இன்று பிபொனாச்சி எண்கள் என்று பள்ளியில் சொல்லித்தரப்படும் அதே வரிசையைத்தான் கண்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன 35,24,578 அந்த வரிசையில் 33-ஆவது எண்.

ஆனால் பிரஸ்தாரம் ஒரு பட்டியல். எது நன்றாக இருக்கும் என்று அது சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அதன் வேலையுமன்று. எது நன்றாக இருக்கும் என்ற கேள்வியைக் கணினியிடம் கொண்டுபோனவர்களில் முன்னோடிகள் ஜேம்ஸ் கிப்பென், பெர்னார்ட் பெல் என்ற இருவர். 1980களின் தொடக்கத்தில் கிப்பென் லக்னோ கரானா என்னும் தபேலா மரபின் தலைமைக் கலைஞரான உஸ்தாத் அஃபாக் ஹுசேன் கானிடம் தபேலா கற்றுக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துவந்தார். காயதா என்னும் வடிவத்தில் ஒரு சிறு சொற்கட்டை எடுத்துக்கொண்டு அதற்குள் இருக்கும் சொற்களை மட்டும் வைத்து மாறுபாடுகளைப் பின்னிக்கொண்டே போவார்கள். ஒரு தேர்ந்த கலைஞர் எந்த மாறுபாட்டை ஏற்கிறார், எதைத் தள்ளுகிறார் என்பதற்கு மொழியின் இலக்கணம் போல ஒன்று உண்டா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்காக பெல் எழுதிய போல் பிராசஸர் என்ற நிரல் ஓர் ஆப்பிள் கணினியில் ஓடியது. விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் ஒரு போல், அதாவது தபேலாச் சொல். விதிகளைக் கொடுத்தால் நிரல் புதிய மாறுபாடுகளைத் திரையில் எழுதும். உஸ்தாத் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புக்கு ஏற்ப விதிகள் திருத்தப்படும். பின்னர் இதற்கு எதிர்த்திசையில், கலைஞர் தரும் எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிகளைத் தானே ஊகித்து, சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கும் இன்னொரு நிரலையும் அவர்கள் செய்தார்கள். அதற்குக் கவாயித் என்று பெயர். உருதுவில் காயதாவின் பன்மை கவாயித். இலக்கணம் என்றும் அதற்குப் பொருள். பெயர் வைத்தவர் அன்று நிச்சயம் மகிழ்ந்திருப்பார்.

இந்த வேலையில் ஒரு நுட்பமான இடம் உண்டு. தில்லி காயதா என்று எல்லாரும் முதலில் கற்கும் பாடத்தில், முதல் பாதி இடது தபேலாவின் கனத்த நாதத்தோடு வரும். அடுத்த பாதியின் தொடக்கத்தில் அதே சொற்கள் அந்த நாதம் நீங்கி வெறுமையாக வரும். அதைக் காலி என்பார்கள். அதை இங்கே எழுதிக் காட்டலாம் என்று முயன்று தோற்றேன்: கனத்த 'தா'வும் வெறும் 'தா'வும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். சாதாரண இலக்கண விதிகளுக்கும் இங்கே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. ஒரு வரியை உருவாக்குவது அவற்றுக்கு எளிது. சற்று முன் உருவாக்கிய அதே வரியை நினைவில் வைத்துக்கொண்டு, கனத்த சொல் வந்த இடத்தில் எல்லாம் அதன் வெறுமையான இணையைப் போட்டு மறுபடி சொல்வது அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே, எழுதிய வரியை ஒரு மாற்றுப் பட்டியலின் வழியாகப் படியெடுக்கும் வசதியைத் தனியாகவே சேர்க்க வேண்டியிருந்தது. வாசிப்பவருடைய கை யோசிக்காமல் செய்யும் ஒன்றை இயந்திரத்துக்குப் புரியவைக்க இத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது.

இந்த முறையை அப்படியே மிருதங்கத்துக்குக் கொண்டுவர முயன்றவர்கள் ஒரு சிக்கலை உடனே உணர்வார்கள். தபேலாவில் சொல்லுக்கும் அடிக்கும் ஏறக்குறைய நெருங்கிய உறவு உண்டு. மிருதங்கத்தில் 'தகதிமி' என்று வாயால் சொல்வது ஒரு நான்கு மாத்திரை அளவு. அதை வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தில் மட்டும் வாசிக்கலாம், தொப்பி எனப்படும் இடப்பக்கத்தோடு சேர்த்து வாசிக்கலாம், சாப்பு என்னும் அடியை வைத்து வாசிக்கலாம். ஒரே சொல்லைத் தஞ்சாவூர் வழியில் வந்தவர் ஒரு மாதிரியும் புதுக்கோட்டை வழியில் வந்தவர் வேறு மாதிரியும் வாசிப்பார்கள். மாமூண்டியா பிள்ளையின் கஞ்சிராவோடு வளர்ந்த புதுக்கோட்டை வழி கணக்கில் ஊறியது என்பார்கள். அங்கேயும் கணக்கு கைவழியாகத்தான் வந்து சேர்கிறது. என் நிரலுக்கோ கையே இல்லை.

நான் முதலில் எழுதிய நிரல் வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. ஒன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள அளவுகளுக்கு வழக்கமான சொற்களைக் கொடுத்தேன்: மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி, ஒன்பதுக்குத் தகதிமிதகதகிட. ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்கும்படி இவற்றைக் குலுக்கிப் போடச் சொன்னேன். 40 வரிசைகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வலது கையால் தொடையில் தாளம் போட்டபடி முதல் வரியைப் பேசினார். 3, 5, 4, 2, 7, 1, 6, 4. கூட்டினால் 32. அவர் நாக்கு ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கடைசிச் சொல் முடிந்ததும் தட்டு மிகச் சரியாகச் சமத்தில் விழுந்தது.

"கணக்கு சரியாத்தான் இருக்குப்பா," என்றார். "ஆனா பஸ் நம்பர் வாசிக்கிற மாதிரி இருக்கே."

"எது சார் குறையுது?" என்று கேட்டேன்.

"கேக்கறவனுக்கு இது முடியப்போகுதுன்னு முன்னாடியே தெரியணும். தெரிஞ்சு, எப்ப முடியும்னு காத்துக்கிட்டு இருக்கணும். இதுல அவன் எதுக்குக் காத்திருப்பான்?"

பிறகு அவர் எனக்குப் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்த ஒன்றைப் பேசிக் காட்டினார். ததிகிணதொம் ஒரு முறை, ஒரு மாத்திரை இடைவெளி; ததிகிணதொம் இரண்டு முறை, ஒரு மாத்திரை இடைவெளி; ததிகிணதொம் மூன்று முறை. ஐந்தும் ஒன்றும், பத்தும் ஒன்றும், பதினைந்தும். கூட்டினால் அதே 32. முதல் ஐந்தைக் கேட்டவர் அடுத்த பத்தைக் கேட்டவுடன், மூன்றாவது எப்படி வரும் என்று மனத்துக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார். வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் சமத்துக்கு வந்து சேர்கிறார்கள். இதற்குக் கடினமான கணக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வாரமே நிரலை மாற்றினேன். குலுக்கிப் போடுவதை விட்டுவிட்டு, முத்தாய்ப்பின் வடிவத்தை முதலில் வைத்தேன்: ஒரு சொற்கட்டு மூன்று முறை, இடையில் இரண்டு கார்வை, அதாவது இடைவெளி. சொற்கட்டின் அளவை மூன்றால் பெருக்கி, கார்வையின் அளவை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் மொத்த மாத்திரை வர வேண்டும். 32-க்கு இந்த வடிவத்தில் மொத்தம் ஐந்தே விடைகள்தான் உண்டு. சொற்கட்டு 10, கார்வை 1; சொற்கட்டு 8, கார்வை 4; அதேபோல் 6-உம் 7-உம், 4-உம் 10-உம், 2-உம் 13-உம். கார்வை சொற்கட்டைவிட மிகவும் நீண்டுவிட்டால் வாசிப்பவர் மறந்துவிட்டாரோ என்று கேட்பவருக்குத் தோன்றும். ஆகவே கடைசி இரண்டையும் அடித்துவிட்டேன். 35 லட்சம் மூன்றாகிவிட்டது. கணினியைப் பற்றி எனக்கிருந்த பெருமையும் இந்த இடத்தில் ஓரளவு குறைந்துபோனது, ஏனென்றால் இந்த மூன்றையும் எந்த மிருதங்கக்காரரும் மேடையில் உட்கார்ந்தபடியே மனத்துக்குள் போட்டுவிடுவார்.

அடுத்த முறை எட்டும் நான்குமாக ஒன்றைக் கொண்டுபோனேன். தகிட ததிகிணதொம் என்பது எட்டு. பிறகு நான்கு மாத்திரை வெற்றிடம். இப்படி மூன்று முறை. கணினியின் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினேன். ஆசிரியர் முழுவதும் கேட்டுவிட்டு மிருதங்கத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே எட்டை வாசித்தார்; தொம் முடிந்த இடத்தில் தீம் என்று ஒன்றை விட்டுக் கையை எடுத்துவிட்டார். அந்த நாதம் நான்கு மாத்திரையும் அறைக்குள் நின்றது. மறுபடி எட்டு, மறுபடி தீம்.

"கார்வைன்னா சும்மா உக்காந்திருக்கறது இல்லப்பா. உன் மிஷின் அந்த நாலு மாத்திரைல என்ன பண்ணுது? ஒண்ணும் பண்ணலையே."

அவர் சொன்னது உண்மை. என் நிரலில் கார்வை என்பது ஒலி இல்லாத இடம், எண் பூஜ்யம். மிருதங்கத்தில் கார்வை என்பது முன்பு எழுப்பிய நாதம் தொடர்ந்து கேட்கும் இடம். வலந்தலையின் நடுவில் கரணை என்னும் கருஞ்சாந்தைப் பூசியிருப்பதால்தான் அந்த நாதத்துக்கு ஒரு சுருதி இருக்கிறது. சாதாரணத் தோலில் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கலைந்து ஒலிக்கும். கரணையின் எடை அவற்றை இழுத்துப் பிடித்து முழு எண் மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது. இதை சி. வி. ராமன் சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக மறுபடியும் எழுதினார். நான் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, அடுத்த அடி தொடங்கும் கணத்தில் முந்தையதை வெட்டிவிட்டிருந்தேன். வெட்டாமல் விட்டபோது ஓரளவு சரியானது. ஆனால் தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு கும்கியும் அடுத்து வரப்போகும் சொல்லைப் பார்த்துத்தான் எவ்வளவு ஏற வேண்டும் என்று முடிவு செய்கிறது.

ஒலியைப் பொறுத்தவரையில் இப்போது தொடங்குபவர்களுக்கு என் பாடு இல்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தின் வழியாகவும் சென்னை ஐஐடி வழியாகவும் மிருதங்க ஒலிப்பதிவுகள் ஆராய்ச்சிக்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. தனித்தனி அடிகளின் ஒரு தொகுப்பில் மட்டும் 10 வகை அடிகள் 6 சுருதிகளில், மொத்தம் 7,162 பதிவுகள் உள்ளன. மிருதங்கக் கலைஞர் உமையாள்புரம் சிவராமன் வாசித்த தனி ஆவர்த்தனப் பதிவுகளின், அதாவது கச்சேரியில் தாளக் கருவி மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதியின் பதிவுகளின், தொகுப்பும் உண்டு. அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஓர் அடிக்குப் பின் எந்த அடி வருகிறது என்ற புள்ளிவிவரத்தைக் கொண்டு கர்னாடகத் தாள வாசிப்பை உருவாக்கும் ஒரு முறையை 2016-இல் வெளியிட்டார்கள்.

அந்தப் புள்ளிவிவர வழியை நானும் முயன்று பார்த்தேன். என் பழைய நோட்டுப் புத்தகங்களில் எழுதியிருந்த பாடங்களை எல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று நிரல் எண்ணிக்கொண்டது. பிறகு அந்த விகிதத்தின்படி ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டே போனது. விளைவு வேடிக்கையாக இருந்தது. எந்த நான்கு சொற்களை எடுத்தாலும் அவை என் ஆசிரியரின் பாடம்தான். முழு வரியை எடுத்தால் அது யாருடைய பாடமும் இல்லை. தூக்கத்தில் உளறும் மாணவனைப் போல, பழகிய சொற்களாகவே பேசிக்கொண்டு எங்கும் போய்ச் சேராமல் இருந்தது. சமம் வருகிறது என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது பார்ப்பது கடந்துபோன மூன்று நான்கு சொற்களை மட்டும். கணக்கிட்டு முடிக்கும் கோர்வையைப் போடுபவர் தாளத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறார்.

ஆனால் இந்தத் தோல்வியில் எனக்கு எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. கைக்கு வராத சேர்க்கைகள் அதில் அறவே இல்லை. முன்பு நான் குலுக்கிப் போட்ட வரிசைகளில், துரித காலத்தில் ஒரே விரலால் அடுத்தடுத்து மூன்று அடி அடிக்க வேண்டிய இடங்கள் வந்துகொண்டே இருந்தன. நோட்டுப் புத்தகத்திலிருந்து கற்ற நிரலில் அப்படி ஒன்றுகூட இல்லை. கைகளின் ஞானம் யாரும் சொல்லாமலேயே அந்த விகிதங்களுக்குள் இறங்கியிருந்தது. ஆகவே இரண்டையும் இணைத்தேன். வடிவத்தையும் அளவையும் கணக்கு முடிவு செய்யும். அந்த அளவுக்குள் எந்தச் சொல் என்பதை மட்டும் புள்ளிவிவரம் முடிவு செய்யும்.

இப்படிச் செய்ததில்தான் ஒரு முறை ஆசிரியர் "இது எங்கேருந்து எடுத்த?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்த ஏழெட்டு மாதங்களையும் தாராளமாகச் செலவழிக்கலாம்.

ஒரே சொற்கட்டை மூன்று வேகத்தில் சொல்லி ஓர் ஆவர்த்தனத்துக்குள் முடிக்கும் வழிகளைத் தேடும்படி நிரலிடம் சொல்லியிருந்தேன். அது 12 மாத்திரைச் சொற்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழும் ஐந்தும்: தா . தி . கிணதொம், பிறகு ததிகிணதொம். இதை ஓர் அட்சரத்துக்கு நான்கு என்னும் சதுஸ்ர நடையில் சொன்னால் மூன்று அட்சரம் ஆகும். அடுத்து ஓர் அட்சரம் கார்வை. அதே சொற்கட்டைத் திஸ்ர நடையின் மேல்காலத்தில், அட்சரத்துக்கு ஆறாகச் சொன்னால் இரண்டு அட்சரம். மறுபடி ஓர் அட்சரம் கார்வை. கடைசியில் அட்சரத்துக்குப் பன்னிரண்டாகச் சொன்னால் ஒரே அட்சரம். மூன்றும் ஒன்றும் இரண்டும் ஒன்றும் ஒன்றும், எட்டு அட்சரம், ஆவர்த்தனம் நிறைந்துவிடுகிறது. சொற்கட்டு மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்துகொண்டே போவதால் பசுவின் வாலைப் போலக் குவியும் கோபுச்ச யதியாகவும் அமைந்துவிடுகிறது. கார்வைகள் இரண்டும் முழு அட்சரமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் சொற்கட்டு தட்டிலேயே தொடங்குகிறது. கேட்பவர் தாளத்தைத் தவற விடுவதற்கு வாய்ப்பே இல்லை. இது புதிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இத்தகைய கணக்குகள் தவில்காரர்களின் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்குபவை. எனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது மட்டும்தான் விஷயம்.

ஆசிரியர் அதை மூன்று முறை பேசினார். மூன்றாவது முறை தாளத்தைப் பாதி வேகத்துக்கு இழுத்துக்கொண்டார், ஏனென்றால் ஓர் அட்சரத்துக்குள் பன்னிரண்டு என்பது சாதாரணக் காலப்பிரமாணத்தில், அதாவது தாளத்தின் வழக்கமான வேகத்தில், பேச்சுக்கும் வராது, கைக்கும் வராது. நிரல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காலப்பிரமாணம் என்ற ஒன்றையே நான் அதற்குக் கொடுத்திருக்கவில்லை. பிறகு அவர் முதல் சொல்லான 'தா'வுக்குப் பின்னால் இருந்த ஒரு மாத்திரை இடைவெளியை எடுத்துவிட்டு அதைத் 'தி'க்குப் பின்னால் தள்ளினார். அளவு மாறவில்லை. "தாதீ... கிணதொம்" என்று ஆனது. துரித காலத்தில் முதல் இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்து, பிறகு சற்று மூச்சு வாங்கிவிட்டு ஓடியது. ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அப்பதான் உருளும்," என்றார். உருளும் என்ற சொல்லுக்கு நிரலில் என்ன எழுதுவது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியதும் கோர்வைகளைப் பற்றித்தான் என்பதை நான் உணராமலில்லை. ஒரு கச்சேரியில் மிருதங்கக்காரர் பெரும்பாலான நேரம் வாசிப்பது சர்வலகு. பாட்டின் நடையைப் பிடித்துக்கொண்டு, அனுபல்லவியில் சற்றுத் தூக்கி, சரணத்தில் இறங்கி, பாடகர் ஒரு சங்கதியை மூன்றாவது முறை பாடும்போது அதன் உருவத்தையே கையில் கொண்டுவந்து, நிரவலில் ஒதுங்கி நிற்பது. அங்கே எண்ணுவதற்கு ஏதுமில்லை. பாடுபவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் மூச்சு எடுக்கும் விதத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கணினி வழித் தாள உருவாக்கம் என்று வரும்போது என்னைப் போன்றவர்கள் தனி ஆவர்த்தனத்தையும் அதிலும் கோர்வையையுமே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் எளிமையானது: வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. என் நிரலுக்குச் சர்வலகு வாசிக்கச் சொல்லி ஒரு முறை ஒரு வர்ணத்தின் பதிவோடு ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லாமல் முழு நேரமும் ஒரே மாதிரி வாசித்தது. என் மனைவி அடுத்த அறையிலிருந்து, மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்டாள்.

இப்போது நிரலில் சொற்களை எழுதும் பகுதியை நிறுத்திவைத்திருக்கிறேன். எண்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்தில் இல்லாமல் தள்ளி இருக்கும் பாட்டுகளுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. போன மாதம் ஆசிரியரோடு ஒரு பாடகியின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஆதி தாளம், எடுப்பு ஒன்றரை இடம், அதாவது சமத்துக்குப் பின் ஆறு மாத்திரை தள்ளி. சமத்தில் தொடங்கி ஓர் ஆவர்த்தனம் கடந்து எடுப்பில் முடிய வேண்டுமானால் 32-உம் ஆறும் சேர்ந்து 38. கைபேசியைத் தட்டி, "12-க்கு ஒண்ணு, 10-க்கு நாலு, 8-க்கு ஏழு சார்," என்றேன்.

அவர் பாடகியைப் பார்த்து எடுப்பை மட்டும் ஒரு முறை பாடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"பத்து நாலு," என்றார். "தாளத்தைப் போடு."

நான் தாளம் போட்டேன். பத்தை வாசித்துத் தீம் என்று விட்டுக் கையை எடுத்தார். நான்கு மாத்திரையும் அதன் நாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பத்தைத் தொடங்கினார்.